பருவகால மகரந்த ஒவ்வாமையைக் கட்டுக்குள் வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மகரந்த ஒவ்வாமையால் அவதிப்படுபவர்களில் பலர் சரியான மருந்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அதைத் தொடங்கிய நாளும் செலுத்திய விதமும்தான் தவறிவிடுகின்றன. தும்மல் உச்சத்தில் இருக்கும்போது மூக்கு ஸ்ப்ரேயை வாங்கி, இரண்டு நாள் அடித்துப் பார்த்து, பலனில்லை என்று ஓரமாக வைத்துவிட்டு மாத்திரைக்கு மாறுவதும், அந்த மாத்திரையும் போதாமல் இன்னொன்றைத் தேடுவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. ஆகவே, எதை எதற்கு முன் செய்ய வேண்டும், ஏன் அந்த வரிசை என்பதே இங்கு முதன்மையான பேச்சு.

குழந்தைகள், கருவுற்றவர்கள், வேறு நோய்களுக்குத் தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோர் இங்குக் கூறப்படும் எந்த மருந்தையும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஒரு சிறு குறிப்பேடு, மூக்கைக் கழுவும் குப்பி, தற்போது உட்கொள்ளும் அனைத்து மருந்துகளின் பட்டியல் ஆகிய மூன்றும் போதும். பட்டியலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூக்கடைப்பை நீக்கும் சில மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. சில தும்மல் மாத்திரைகள் தூக்க மருந்தோடு சேர்ந்தால் மயக்கத்தை அதிகரிக்கும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள், பின்னால் வரும் ஒவ்வாமைத் தடுப்பு ஊசியைச் சிக்கலாக்கும்; ஊசியால் கடும் எதிர்வினை ஏற்பட்டால் கொடுக்கப்படும் அட்ரினலின் இம்மருந்துகளை உட்கொள்பவர்களிடம் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

ஆஸ்துமா இருந்தாலும், முன்பு இருந்ததாகச் சொல்லப்பட்டிருந்தாலும், அதையும் பட்டியலின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

2. சளியா, ஒவ்வாமையா என்று பிரித்தறிதல்

உடலின் எதிர்ப்பு மண்டலம் தீங்கற்ற மகரந்தப் புரதத்தைப் பகையாகக் கருதி ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்கிறது. அந்த எதிர்ப்பொருள் மூக்கிலும் கண்ணிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்களின் மேல் அமர்ந்துகொள்ளும். அடுத்த முறை அதே மகரந்தம் வந்து பட்டவுடன் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிட, சில நிமிடங்களிலேயே தும்மலும் அரிப்பும் நீர்வடிதலும் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரம் கழித்து வேறு அழற்சிச் செல்கள் அங்கே குவிவதால் இரண்டாம் கட்டம் ஏற்படுகிறது. காலையில் தோட்டத்தில் இருந்தவருக்கு மாலையில் மூக்கு அடைத்துக்கொள்வது இதனால்தான். இந்த இரண்டு கட்டங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால், மாத்திரையும் ஸ்ப்ரேயும் ஏன் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன என்பது பிறகு எளிதில் விளங்கும்.

பிரித்தறியச் சிறந்த அடையாளம் அரிப்பு. மூக்கு, கண், மேலண்ணம், காதின் உட்புறம் ஆகியவை அரித்தால் ஒவ்வாமையின் பக்கம் சாயலாம். வடியும் நீர் தெளிவாகவும் மெல்லியதாகவும் இருக்கும், காய்ச்சல் இராது. சாதாரணச் சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தணிந்துவிடும், ஒவ்வாமையோ மகரந்தம் காற்றில் இருக்கும்வரை வாரக்கணக்கில் நீடிக்கும்.

குழந்தைகள் அரிக்கிறது என்று சொல்வதில்லை. உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். நாளடைவில் மூக்கின் குறுக்கே, நுனிக்குச் சற்று மேலே, மெல்லிய கோடு ஒன்று விழுந்துவிடும். கண்ணுக்குக் கீழே கருவளையமும் தெரியும். மூன்று மாதமாகச் சளி விடவில்லை என்று பெற்றோர் சொல்லும்போது முதலில் இந்தக் கோட்டைத் தேடிப் பார்ப்பது நல்லது.

மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தாலோ, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நீர் வடிந்தாலோ, இரத்தமோ துர்நாற்றமோ இருந்தாலோ, அது மகரந்தத்தின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அத்தகையவர்கள் இந்த வழிகாட்டியை மூடிவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

3. குறிப்பேட்டில் பதிவுசெய்தல்

ஒவ்வொரு நாளும் இரவில் ஐந்து செய்திகளை எழுதுங்கள்: தொந்தரவின் அளவு சுழியம் முதல் பத்துக்குள் எவ்வளவு, எந்த நேரத்தில் அதிகமாக இருந்தது, எங்கே இருந்தீர்கள், வானிலை எப்படி இருந்தது, என்ன மருந்து எடுத்தீர்கள். மருந்தை எழுதாவிட்டால் மற்ற நான்கும் பயனற்றவை, ஏனெனில் குறைந்த எண்ணுக்குக் காரணம் மருந்தா மழையா என்று பின்னர் சொல்ல முடியாது.

பன்னாட்டு வழிகாட்டுதல்கள் இந்நோயை இரண்டு கேள்விகளால் வகைப்படுத்துகின்றன. வாரத்துக்கு 4 நாட்களுக்குக் குறைவாகவோ, தொடர்ந்து 4 வாரங்களுக்குக் குறைவாகவோ வந்தால் அது விட்டுவிட்டு வரும் வகை. இரண்டு எல்லைகளையும் எட்டினால் நீடிக்கும் வகை. தூக்கம், படிப்பு, வேலை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கெடுமானால் அது இலேசானதல்ல. மருத்துவர் மாத்திரையோடு நிறுத்துவதா, ஸ்ப்ரே தருவதா என்று முடிவெடுப்பது பெரிதும் இந்த இரண்டு விடைகளைக் கொண்டுதான். "அடிக்கடி தும்மல் வருகிறது" என்று சொல்பவரைவிட, "ஆறு வாரமாக, வாரத்தில் ஐந்து நாள், இரவில் விழிப்பு வருகிறது" என்று சொல்பவருக்குச் சரியான மருந்து விரைவில் கிடைக்கிறது.

ஆண்டு முழுவதும் ஒரே அளவில் எண்கள் இருந்தால், அல்லது படுக்கையிலும் வீட்டினுள்ளும்தான் மோசமாகிறது என்றால், தூசிப் பூச்சி, பூஞ்சை, வளர்ப்பு விலங்கு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

4. பரிசோதனையைச் சரியான நேரத்தில் செய்தல்

குறிப்பேடு ஓர் ஐயத்தைத் தந்த பிறகே பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். பரிசோதனை ஒருவருக்கு எந்தெந்தப் பொருளுக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அதுதான் தொந்தரவு தருகிறதா என்பதைக் காட்டாது. எத்தனையோ பேருக்குச் சோதனையில் நேர்மறையான விடை வந்தும் ஒரு தும்மல்கூட வருவதில்லை. ஐம்பது பொருட்களைச் சோதித்து நீண்ட பட்டியலோடு திரும்பி, அதில் உள்ள எல்லாவற்றையும் அஞ்சி வாழ்வது இந்தப் படியில் நேரும் பெரிய தவறு.

தோல் குத்துச் சோதனையில் முன்கையில் சொட்டுச் சொட்டாக மகரந்தச் சாறு வைத்து மேல்தோல் இலேசாகக் குத்தப்படும். 15 முதல் 20 நிமிடங்களில் கொசுக்கடி போன்ற தடிப்பு எழுகிறதா என்று அளப்பார்கள். இதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஆன்டிஹிஸ்டமின் (ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கும்) மாத்திரைகளை நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் தடிப்பு எழாமல் விடை பொய்யாகிவிடும். எத்தனை நாள் என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறுவதால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்த இயலாதவர்களுக்கு இரத்தத்தில் குறிப்பிட்ட மகரந்தத்துக்கான ஐஜிஇ அளவைப் பார்க்கும் சோதனை உண்டு. மொத்த ஐஜிஇ அளவை மட்டும் பார்ப்பது அதற்கு ஈடாகாது. அது பல காரணங்களால் ஏறி இறங்கும்.

5. உங்கள் பருவத்தை நாட்காட்டியில் குறித்தல்

கண்ணைக் கவரும் வண்ணப் பூக்களின் மேல் பழி போடுவது வழக்கம். அவற்றின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. பூச்சிகளின் கால்களில் ஒட்டிச் செல்வதற்காக உண்டானது. தொந்தரவு தருபவை பெரும்பாலும் காற்றை நம்பி மகரந்தத்தைத் தூவும் தாவரங்கள்: பிர்ச், ஓக் போன்ற மரங்கள், புல் வகைகள், ராக்வீட், பார்த்தீனியம் போன்ற களைகள். இவற்றின் பூக்கள் பூக்களாகவே கண்ணில் படுவதில்லை. பூக்கடையைக் கடக்கும்போது வரும் தும்மல் பெரும்பாலும் மணத்தால் மூக்கு எரிச்சலடைவதே.

மிதவெப்ப நாடுகளில் வசந்தத்தில் மரங்கள், கோடையின் முற்பகுதியில் புற்கள், கோடையின் இறுதியிலிருந்து இலையுதிர் காலம்வரை களைகள் என்ற வரிசை ஏறக்குறைய நிலையானது. வெப்ப நாடுகளில் இந்த எல்லைகள் கலந்துவிடுகின்றன. மழைதான் பருவத்தைத் தீர்மானிக்கிறது, ஒரே ஆண்டில் இரண்டு முறைகூட உச்சம் வரலாம். ஆகவே பிறருடைய நாட்காட்டியைவிட உங்கள் குறிப்பேட்டில் எண்கள் ஏறத் தொடங்கிய வாரமே நம்பத்தக்கது.

அந்த வாரத்தைக் கண்டுபிடித்ததும், அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு கோடு போடுங்கள். ஸ்ப்ரே தொடங்கும் நாள் அதுதான். பருவத்தின் தொடக்கத்தில் மூக்கைக் கிளறுவதற்கு நிறைய மகரந்தம் தேவைப்படும், நாட்கள் செல்லச் செல்ல மிகச் சிறிய அளவே போதும் என்ற நிலைக்கு மூக்கின் உட்தோல் வந்துவிடுகிறது. அழற்சி மூண்ட பிறகு அதை அணைப்பதைவிட மூளாமல் காப்பது எளிது.

6. மகரந்தம் படுவதைக் குறைத்தல்

மகரந்தத்தை முற்றிலும் தவிர்க்க எவராலும் இயலாது. மொத்த அளவைக் குறைத்தால் மருந்தின் தேவையும் குறையும் என்பதே இங்கே நோக்கம்.

வெயிலும் காற்றும் உள்ள வறண்ட நாட்களில் சன்னல்களை மூடி வையுங்கள். மழை ஓய்ந்த பின் திறக்கலாம். காரில் வெளிக்காற்றை உள்ளே இழுக்காமல் உட்காற்றே சுழலும்படி அமைத்துக்கொள்ளுங்கள். புல் வெட்டும் வேலையைப் பிறரிடம் விடுங்கள், முடியாவிட்டால் முகக்கவசம் அணியுங்கள். புல் மகரந்தம் ஏறக்குறைய 20 முதல் 40 மைக்ரோமீட்டர் அளவுள்ளது. இது கிருமிகளோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. சாதாரண மருத்துவ முகக்கவசமே முகத்தோடு ஒட்டியிருந்தால் நன்றாகத் தடுக்கும்.

வீடு திரும்பியதும் உடை மாற்றி, படுக்கும் முன் தலைக்குக் குளிப்பதைப் பலர் காலைக்குத் தள்ளிவைக்கிறார்கள். பகல் முழுவதும் முடியில் சேர்ந்த மகரந்தம் இரவில் தலையணைக்கு இறங்கி, எட்டு மணி நேரம் மூக்கருகே கிடக்கும். துவைத்த துணிகளை, குறிப்பாகத் தலையணை உறைகளை, உச்சப் பருவத்தில் வெளியே உலர்த்தாதீர்கள். வெளியே சென்று வரும் நாயும் பூனையும் உரோமத்தில் மகரந்தத்தைச் சுமந்துவரும் என்பதால் படுக்கையறைக்குள் விட வேண்டாம்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதாக இருந்தால் ஹெப்பா எனப்படும் நுண்துகள் வடிகட்டி உள்ளதாகவும் அறையின் பரப்புக்கு ஏற்றதாகவும் இருக்கட்டும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டுவதில் பொருளில்லை.

7. மூக்கைக் கழுவுதல்

இது ஸ்ப்ரேக்கு முந்தைய படி. ஸ்ப்ரே அடித்த பிறகு கழுவினால் மருந்தே கழுவிச் செல்லப்படும்.

ஒரு லிட்டர் நீருக்கு அயோடின் கலக்காத உப்பு 9 கிராம் என்பது உடலின் உப்புச் செறிவுக்கு இணையானது. உப்பில்லாத நீர் மூக்கில் பட்டால் கடுமையாக எரியும். முதல்முறை எரிந்ததும் கைவிட்டவர்களை விசாரித்தால், உப்பைக் கண்ணளவாகப் போட்டிருப்பார்கள்.

நீரில் சமரசமே கூடாது. குழாய் நீரை அப்படியே பயன்படுத்தினால், மிக அரிதாக, நெக்லேரியா ஃபௌலெரி என்னும் அமீபா மூக்கு வழியாக மூளைக்குச் சென்று உயிரையே பறிக்கக்கூடும். காய்ச்சி வடித்த நீரையோ, தளதளவென்று குறைந்தது 1 நிமிடம் கொதித்து ஆறிய நீரையோ மட்டும் பயன்படுத்துங்கள். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களில் 3 நிமிடம் கொதிக்க வேண்டும்.

தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒருபுறம் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டபடி, மேலே உள்ள துளையில் மெதுவாக நீரை விடுங்கள். கீழே உள்ள துளை வழியாக அது வெளியேறும். பின்னர் இரண்டு துளைகளையும் திறந்தபடி இலேசாகச் சிந்துங்கள். ஒன்றை அடைத்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் நீர் காதுக்கு ஏறும். குப்பியை ஒவ்வொரு முறையும் கழுவி உலர வையுங்கள்.

8. மூக்கு ஸ்ப்ரேயைச் செலுத்துதல்

புளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்களே நீடிக்கும் ஒவ்வாமைக்கு மிகுந்த பலன் தருபவை. அடைப்பு உட்பட எல்லாத் தொந்தரவுகளையும் தணிப்பவை, ஏனெனில் முன்பு சொன்ன இரண்டாம் கட்ட அழற்சியையே அடக்குகின்றன. முழுப் பலன் தெரிய ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகலாம். இவற்றைத் தேவைப்படும்போது மட்டும் அடிப்பது பலனைப் பெரிதும் குறைத்துவிடும். தினமும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும்.

புதியவர் ஒருவர் ஸ்ப்ரே அடிப்பதைக் கவனித்தால் காட்சி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: தலையை அண்ணாந்து, குப்பியை மூக்கின் நடுத்தண்டை (இரு துளைகளையும் பிரிக்கும் சுவரை) நோக்கி நுழைத்து, அழுத்தியவுடன் சர்ரென்று உறிஞ்சுவார். அடுத்த நொடியே முகம் சுளிப்பார், தொண்டையில் கசப்பு இறங்கிவிட்டது. மூக்கில் தங்க வேண்டிய மருந்து வயிற்றுக்குப் போய்விட்டது. நடுத்தண்டில் நாள்தோறும் மருந்து பட்டால் அங்கே உட்தோல் வறண்டு இரத்தமும் கசியும்.

சரியான முறை வருமாறு. மூக்கை இலேசாகச் சிந்திக்கொள்ளுங்கள். கழுவியிருந்தால் பத்து நிமிடமாவது விட்டு, நீர் வடிந்த பின் தொடங்குங்கள். குப்பியைக் குலுக்குங்கள். புதிய குப்பியாக இருந்தாலும், பல நாள் பயன்படுத்தாததாக இருந்தாலும், மெல்லிய புகைபோல் மருந்து வரும்வரை காற்றில் சிலமுறை அழுத்துங்கள். அதைச் செய்யாவிட்டால் முதல் சில அழுத்தல்களில் வெறும் காற்றுதான் போகும். தலையைச் சற்று முன்னோக்கிக் குனியுங்கள். இடது துளைக்கு வலது கையும், வலது துளைக்கு இடது கையும் என மாற்றிப் பிடித்தால் குப்பியின் முனை தானாகவே நடுத்தண்டை விட்டு விலகி, அதே பக்கக் கண்ணின் வெளிமூலையை நோக்கித் திரும்பும். மெதுவாக மூச்சை இழுத்தபடி அழுத்தி, வாயால் மூச்சை விடுங்கள். உறிஞ்ச வேண்டாம், உடனே சிந்தவும் வேண்டாம். தொண்டையில் சுவை தெரிந்தால் இழுப்பு பலமாகிவிட்டது என்று பொருள்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டே பலர் பின்வாங்குகிறார்கள். பெரியவர்களுக்கான புளூட்டிகசோன் ஸ்ப்ரேயின் வழக்கமான அளவு நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம். அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் கலக்கிறது. குழந்தைகளுக்கு மட்டும் மிகக் குறைந்த அளவைத் தருவதும், நீண்ட காலம் பயன்படுத்தினால் உயரத்தை அவ்வப்போது அளப்பதும் அவசியம். இரத்தம் கசிந்தால் முனையின் திசையைச் சரிபாருங்கள். தொடர்ந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

9. மாத்திரையும் கண் சொட்டு மருந்தும்

செட்டிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற இரண்டாம் தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள் தும்மல், அரிப்பு, நீர்வடிதல் ஆகியவற்றை விரைவில் அடக்கும். அடைப்பில் அவற்றின் பலன் குறைவு. மாத்திரை பழகிவிட்டது, இப்போது கேட்பதில்லை என்று சொல்பவர்களிடம் என்ன தொந்தரவு என்று கேட்டால், பலரும் அடைப்பைத்தான் சொல்வார்கள். அவர்களுக்குத் தேவை வேறொரு மாத்திரையன்று, ஸ்ப்ரே. மூக்கில் செலுத்தும் அசெலாஸ்டினும் உண்டு. கால் மணி நேரத்திலேயே வேலை செய்யும், ஆனால் கசக்கும்.

ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடல் அதை உறிஞ்சும் அளவு குறைந்துவிடும். நீரோடு மட்டும் விழுங்குங்கள். குளோர்பெனிரமின் போன்ற பழைய வகைகள் தூக்கத்தைத் தரும், முதியவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கும். சளிக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில் அது ஒளிந்திருப்பதால் அட்டையைப் படித்துவிட்டே வாங்குங்கள், எடுத்த பின் வண்டி ஓட்டாதீர்கள்.

கண்ணுக்கு ஓலோபட்டடின் அல்லது கீட்டோடிஃபென் சொட்டு மருந்து போதும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டே ஊற்ற வேண்டும். மீண்டும் அணிய 15 நிமிடமாவது காத்திருங்கள். கண்ணைக் கசக்கினால் மாஸ்ட் செல்கள் மேலும் ஹிஸ்டமினை விடுவதால் அரிப்பு கூடும். குளிர்ந்த ஈரத்துணியை வைப்பது நல்லது.

10. எச்சரிக்கையோடு அணுக வேண்டியவை

ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் ஆகிய சொட்டு மருந்துகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். அந்த வேகமே ஆபத்து. 3 முதல் 5 நாட்களுக்கு மேல் பயன்படுத்தினால், மருந்தின் வேகம் தணிந்தவுடன் முன்னைவிடப் பலமாக அடைக்கும். அதைத் திறக்க மீண்டும் அதே மருந்து, பிறகு மீண்டும் அடைப்பு. மாதக்கணக்கில் இதில் சிக்கியிருப்பவர்கள் மருத்துவர் துணையோடு ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கு மாறித்தான் வெளியே வர முடியும்.

மான்டெலுகாஸ்ட் மாத்திரை மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் தன் உச்சபட்ச எச்சரிக்கையைச் சேர்த்தது. மூக்கு ஒவ்வாமைக்கு மட்டும் என்றால் பிற மருந்துகள் பலிக்காதபோதுதான் அதைக் கருத வேண்டும். பருவத்துக்கு ஒரே ஊசி என்று போடப்படும் நீண்டகால ஸ்டீராய்டு ஊசியையும் தவிர்ப்பதே நல்லது; அது அட்ரினல் சுரப்பியை அடக்கக்கூடியது, போட்ட பிறகு திரும்ப எடுக்கவும் முடியாது.

தேன் சாப்பிட்டால் சரியாகும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. தேனில் இருப்பது பெரும்பாலும் பூச்சி சுமந்த மகரந்தம், உங்களைத் தும்ம வைப்பது காற்று சுமந்தது.

11. மூக்கைத் தாண்டிய அறிகுறிகள்

பிர்ச் மகரந்தம் ஒத்துக்கொள்ளாத சிலருக்குப் பச்சையான ஆப்பிள், பீச், கேரட் ஆகியவற்றைத் தின்றால் உதடும் வாயும் அரிக்கும். இரண்டிலும் உள்ள புரதங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதே காரணம். வேகவைத்தால் அந்தப் புரதம் சிதைந்துவிடுவதால் பெரும்பாலும் தொந்தரவு இராது. வாயைத் தாண்டித் தொண்டை இறுகினாலோ, உடலெங்கும் தடித்தாலோ, தலைசுற்றினாலோ அது அவசர நிலை.

மூச்சு விடும்போது விசில் ஒலி, நெஞ்சு இறுக்கம், இரவில் இருமல் ஆகியவை வந்தால் மூக்கு மருந்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் புல் பூக்கும் பருவத்தில் இடிமழையைக் கண்டால் மழைக்கு முன் வீசும் காற்றிலிருந்து விலகி உள்ளேயே இருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய மகரந்தம் வெடித்து, நுரையீரல் வரை செல்லும் நுண்துகள்களாகச் சிதறுகிறது. 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இவ்வாறு ஏற்பட்ட ஆஸ்துமா அலையில் 10 பேர் இறந்தனர். முன்பு ஆஸ்துமா கண்டறியப்படாமல், பருவகாலத் தும்மல் மட்டுமே இருந்தவர்கள் பலரும் அன்று பாதிக்கப்பட்டனர்.

12. தடுப்புச் சிகிச்சை தேவையா என முடிவுசெய்தல்

மேற்கண்டவற்றை ஒரு முழுப் பருவம் ஒழுங்காகச் செய்தும் தூக்கமும் வேலையும் கெட்டால், அல்லது மருந்துகள் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒவ்வாமைத் தடுப்புச் சிகிச்சையைப் பற்றி நிபுணரிடம் பேசலாம். குறிப்பிட்ட மகரந்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து உடலைப் பழக்கும் முறை இது. குறிப்பேடும் சோதனை விடையும் ஒரே மகரந்தத்தைக் காட்டினால்தான் பலிக்கும். எதைக் கொடுப்பது என்று தெரியாமல் கொடுக்க முடியாது.

ஊசியாகப் போடும் முறையில் முதல் சில மாதங்கள் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் செல்ல வேண்டும். ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் 30 நிமிடம் அங்கேயே காத்திருக்க வேண்டும், ஏனெனில் கடும் எதிர்வினைகள் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் தொடங்கும். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையின் முதல் வேளை மட்டும் மருத்துவர் முன்னிலையில். பின்னர் வீட்டிலேயே தினமும் எடுக்கலாம். அதைப் பருவத்துக்கு ஏறக்குறைய 3 முதல் 4 மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும், எனவே தும்மல் வந்த பின் கேட்டால் அடுத்த ஆண்டுக்குத்தான் பயன்படும்.

கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கூடாது. கருவுற்றிருக்கும்போது புதிதாகத் தொடங்குவதில்லை. இரு முறைகளுக்கும் 3 முதல் 5 ஆண்டுகள் தேவை. முதல் பருவத்திலேயே ஓரளவு குறைந்ததும் நிறுத்திவிடுபவர்களுக்கு அந்தப் பலன் நிலைப்பதில்லை. முழு அளவை எட்டி ஓராண்டு ஆகியும் குறிப்பேட்டின் எண்கள் இறங்கவே இல்லை என்றால், தொடர்வதா நிறுத்துவதா என்பதை நிபுணரோடு பேசி முடிவுசெய்யுங்கள்.